முடிச்சுக்குக் கீழே

தியென் ஆறு கடலில் கரையுமுன்
இரண்டாய்ப் பிரிந்து நடுவே விட்டுப்போன தீவில்
உப்புத் தடுப்பணை வருகிறது.
அதன் வழியில் நிற்கும் மரங்களை எண்ணுவது
என் வேலை.
மரத்துக்கு இன்ன விலை என்று
பையில் அட்டவணை இருக்கிறது.

நான் வடக்கன்.
இந்தப் பக்கம் முதல் பிள்ளையையே
‘இரண்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
ஒன்று யாரென்று கேட்டால் சிரிக்கிறார்கள்.
ஐந்தாவதாய்ப் பிறந்து ‘ஆறு’ ஆன தாம்
வரப்பில் குந்தியிருந்தாள்,
பல்லிடுக்கில் பிளாஸ்டிக் நாடா, கையில் கத்தி.

முள்சீத்தா, காய்ப்பில்: நூற்றுப் பதினெட்டு. எழுதினேன்.
அதற்கப்பால் வாய்க்கால் ஓரம்
விரல் தடிமனில், இடுப்பளவு உயரத்தில்
வரிசை வரிசையாய் வேறென்னவோ.
“இதென்ன?”
“பிங் பாத்.”
அட்டவணையைப் புரட்டினேன்.
பிங் பாத்: தானாய் முளைப்பது. மதிப்பில்லை.

“தானாகவா?” என்று எழுந்தாள்,
முழங்காலெல்லாம் சேறு.

முள்சீத்தாவை முதலில்
அதன் சொந்த வேரிலேயே விட்டுப் பார்த்தாளாம்.
தெத் பண்டிகை முடிந்து கடல் உள்ளே ஏறிய வருடம்
இலையோரம் தீய்ந்து, பிஞ்சு கறுத்து,
விறகுக்கும் ஆகவில்லை.
கொழுந்தன் பேச்சைக் கேட்டுச் சீத்தா வேரில் ஒட்டினாள்.
அது மேட்டு நிலத்துப் பிள்ளை,
ஒரே வெள்ளத்தில் அழுகிற்று.
பிறகு ஒருநாள் மீன்கூடு வைக்கப் போன இடத்தில்
கரிக்கிற தண்ணீரில் முட்டளவு நின்றுகொண்டு
பூத்திருந்தான் இந்தப் பயல்,
யாரும் கேட்காமலே.
பழம் புளிப்பு, பிசின்.
சர்க்கரை போட்டாலும் வாய்க்கு விளங்காது.
“பழத்தை யார் பார்த்தது?
நான் காலைப் பார்த்தேன்.”

எல்லா விதையும் ஆகாதாம்.
ஓடையின் உள்முனையில்
நல்ல தண்ணீர் குடித்துக் கொழுத்த மரம் வேண்டாம்.
கழிமுகத்துப் பக்கம் கூனி, சிறுத்து,
வேருக்கடியில் நண்டுக்கு வளை கொடுத்து நிற்பதன் விதைதான்.
அதிலும் முதலில் முளைப்பதைப் பிடுங்கிவிடுவாள்:
“அவசரக்காரன்.”

இதையெல்லாம் எழுதப் படிவத்தில் இடமில்லை.

“ஒட்டு ஏறியிருந்தால் முள்சீத்தா என்று போடலாம்,” என்றேன்.
“எந்த உயரத்திலிருந்து?”
“என்ன?”
“விலை. எந்த உயரத்திலிருந்து?”
காய்த்த மரமொன்றின் அடியில்
பழைய ஒட்டு முடிச்சைக் கத்தி முனையால் தொட்டாள்.
“இதற்கு மேலே ஆறு லட்சம் டோங்.
கீழே பூஜ்யம்.
சரி, மேலே இருப்பதை எங்கே நிறுத்தி வைப்பாய்?”

கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை வருவேன் என்றேன்.
அன்றே வாங்கியிருக்கலாம்.

மூன்று இரவு.
படகுத்துறைக் கடையில்தான் கேள்விப்பட்டேன்.
நெற்றியில் விளக்கு கட்டி அவள் பிளக்க,
மகள் குச்சி சீவ, நாத்தனார் நாடா கிழிக்க,
கத்தியை அரிசிச் சாராயத்தில் முக்கி முக்கி
சாராயம் தீர்ந்ததாம்.
குச்சி போதாமல் எதிர்க்கரைத் தோப்புக்கும்
படகு போனதாம்.

வெள்ளிக்கிழமை
பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி
கட்டுப் போட்டு நின்றன இருநூற்றுப் பதினான்கும்.
ஒவ்வொன்றின் தலையிலும்
இலையில்லாத இரண்டங்குலக் குச்சி.
உயிர் பிடித்ததா என்று தெரிய
மூன்று வாரமாகும்.
பொக்லைன் இரண்டு வாரத்தில் வருகிறது.
அணை எழுந்தால் உப்பே ஏறாது என்கிறார்கள்.
அவளுக்கும் அது தெரியும்.

போனில் மேலதிகாரி:
“ஒட்டா, காட்டு மரமா?”
தாம் என் பக்கம் திரும்பவில்லை.
கட்டுக்குக் கீழே பிங் பாத்
தன் பங்குக்கு விட்டிருந்த துளிரொன்றை
நகத்தால் கிள்ளி வாய்க்காலில் போட்டாள்.

“ஒட்டுதான். எண்ணிக்கொண்டிருக்கிறேன்,” என்றேன்.
இந்த ஊர் வழக்கப்படி
இரண்டிலிருந்து தொடங்கினேன்.
இருநூற்றுப் பதினைந்தில் முடிந்தது.